மூன்று வருஷப் போக்கியம்

கன்னியம்மாளுக்கு இங்கிலீஷ் மாதம் பிறந்தாலே பயம். தமிழ் மாதம் பிறந்தால் அம்மனுக்கு ஒரு சூடம் ஏற்றினால் போதும். இங்கிலீஷ் மாதம் பிறந்தால் பெரம்பூர் புண்ணாக்குக் கடைப் பரந்தாமனிடம் நான்கு ரூபாய் வட்டி கொண்டுபோய் வைக்க வேண்டும். அம்மன் ஒரு மாதம் பொறுத்துக்கொள்வாள். பரந்தாமன் பொறுக்கமாட்டான் என்று சொல்லிவிட முடியாது, பதினாலு மாதம் பொறுத்தவன்தான். ஆனால் பொறுத்ததைப் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடன் நானூறு ரூபாய். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வீடு கட்டுவதற்காக வாங்கியது. கட்டியது வேறு யாரும் இல்லை, அவள் புருஷன் மணவாளன்தான். பூந்தமல்லி வட்டாரத்தில் அவனைப் போல ஒரு கொத்தனார் கிடையாது. பேச்சு மட்டும்தான் வராது. எதைச் சொன்னாலும் "சரி" என்பான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே பதினாறு வருஷம் குடும்பம் நடத்திவிட்ட மனுஷன். ஆனால் அந்த வீட்டின் முன்கூடத்துச் சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவைக் கலந்து, கூழாங்கல்லால் ஒரு மாதம் உட்கார்ந்து தேய்த்து, முகம் தெரிகிற மாதிரிப் பளபளப்பு ஏற்றியிருந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் பொட்டு வைத்துக்கொள்ளவே அங்கே வந்துபோவார்கள். முன்னால் இரண்டு அறை, பின்னால் இரண்டு அறை, அதற்கும் பின்னால் எருமைக் கொட்டில். இதுதான் அவர்கள் சொத்து. முன்னோர் நிலமெல்லாம் பங்கு பிரிந்து பிரிந்து, இவர்கள் பங்குக்கு வரப்புகூட மிஞ்சவில்லை.

வீட்டை அடமானம் எழுதித்தான் கடன் வாங்கினார்கள். இரண்டு வருஷம் வட்டி ஒழுங்காகப் போயிற்று. கன்னியம்மாள் மூன்று எருமை வைத்திருந்தாள். விடிந்ததும் கறந்து, தவலையைத் தலையில் வைத்து, ஆவடி ஸ்டேஷன் வரை நடந்து, ரயிலேறிப் பெரம்பூரில் வாடிக்கை ஊற்றுவாள். திரும்பும்போது பரந்தாமன் கடையிலேயே தவிடும் புண்ணாக்கும் வாங்கிக்கொள்வாள். பிறகு கோமாரி வந்தது. ஒரே மாதத்தில் இரண்டு எருமை போயின. யுத்தம் வந்ததும் வீடு கட்டுகிறவர்களும் கையை மூடிக்கொண்டார்கள், மணவாளனுக்கு வேலை குறைந்தது. வட்டி நின்றது. 1942-ஆம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அதைப் பூந்தமல்லிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரம் எழுதுகிற தேவராஜிடம் காட்டினாள். தேவராஜ் மூக்குக்கண்ணாடியை மாட்டி இரண்டு தரம் படித்தார்.

"முப்பது நாள் கெடு குடுத்திருக்கான்மா. முதல் நானூறு, வட்டி அம்பத்தாறு. கட்டலைன்னா கேஸ் போட்டு, வீட்டை ஏலத்துல கொண்டாந்துடுவான்."

"எதுனா வழி கீதா ஐயரே?"

தேவராஜ் ஐயரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் கன்னியம்மாளுக்கு ஐயர்தான்.

"அவனையே போய்க் கேளு. கோர்ட்டுக்கு வெளியே பேசி முடிச்சாத்தான் உனக்கு நல்லது" என்றார்.

மறுநாள் ரயிலேறிக் கடைக்குப் போனாள். பெரம்பூர் அடையாளமே தெரியவில்லை. தெருவெல்லாம் கட்டை வண்டி, வண்டியெல்லாம் மூட்டை, மூட்டைக்கு மேலே கிழவிகள், கிழவிகள் மடியில் கோழிகள். ஜப்பான்காரன் அந்தமானைப் பிடித்துவிட்டான், அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. வேலை இல்லாதவர்கள் நகரத்தைக் காலி செய்வது நல்லது என்று சர்க்காரே சொல்லப் போகிறார்களாம். பரந்தாமன் தராசுத் தட்டைக்கூடத் துடைக்காமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல பருமன்; பயந்தால் இன்னும் பருமனாகத் தெரிவான்.

"அண்ணாத்தே, ஆறு மாசம் டைம் குடு. கீற எருமை சினையா கீது. கன்னு போட்டா வட்டியக் கட்டிடறேன்."

"உன் எருமை கன்னு போடச்சொல்லோ நான் உசுரோட கீறனோ இல்லியோ! இத பாரு கன்னிம்மா, சுத்தி வளைக்க வேணாம். எனக்கு உன் ஊடு வேணும். பொண்டாட்டி புள்ளைங்கள எங்கனா கொண்டுபோயி வெக்கணும். ஊட்டை எழுதிக் குடுத்துடு. கடன் தீர்ந்துது, மேல நூறு ரூபா கையில வாங்கிக்கோ."

"நாங்க எங்க போறது?"

"நீங்க எருமை வெச்சிகினு கீறவங்க. எங்க வேணா போலாம்."

கன்னியம்மாளுக்குச் சுருக்கென்றது. எருமை வைத்திருப்பவளுக்கு வீடு வேண்டாமா? விறுவிறுவென்று நடந்துபோய் ரயிலேறினாள். வில்லிவாக்கம் வரைக்கும் அழுதாள். கூட்டம் நெருக்கியடித்ததில் கண்ணைத் துடைக்கக் கை எடுக்க முடியவில்லை, அதனால் அழுகையையும் நிறுத்திவிட்டாள்.

ரயிலில் எல்லோருக்கும் ஒரே பேச்சுத்தான். அம்பத்தூரில் வாடகை மூன்று மடங்காம். ஆவடியில் ஒருவர் மாட்டுக் கொட்டிலை மெழுகி, மாதம் எட்டு ரூபாய்க்கு விட்டிருக்கிறாராம். "கொட்டிலுக்கா எட்டு ரூபா!" என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள். கன்னியம்மாள் வாயைப் பிளக்கவில்லை. அவள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

கையில் பணம் உண்டு, தலைக்கு மேல் கூரை இல்லை என்று ஒருத்தன். கூரை உண்டு, கையில் பணம் இல்லை என்று இன்னொருத்தன். இப்படி இரண்டு பேர் சேர்ந்தால் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் செய்வார்கள், போக்கியம். பணம் கொடுத்தவன் வந்து குடியிருப்பான். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. தவணை முடிந்ததும் இவன் பணத்தை வைப்பான், அவன் வீட்டை விடுவான். பட்டணத்துக் கடைக்காரனுக்கு வட்டி ஒன்றுதான் தெரியும். அவனுக்கு இந்த யோசனை எங்கே வரப்போகிறது?

வீட்டுக்கு வந்து மணவாளனிடம் சொன்னாள். "முன்னாடி ரெண்டு ரூமையும் அவனுக்கு வுடுவோம். நாம பொண்ணுங்களோட பின்னாடி ரெண்டுல இருந்துக்குவோம். இன்னா சொல்ற?"

"சரி" என்றான் மணவாளன். முன்கூடத்துச் சுவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

மறுநாள் பரந்தாமன் அவள் யோசனையைக் கேட்டுவிட்டுக் கைகொட்டிச் சிரித்தான். "முழு ஊடும் ஏலத்துல வரச்சொல்லோ நான் எதுக்குப் பாதி ஊட்ல குந்தணும்?"

"வரும் அண்ணாத்தே, யாரு இல்லேன்னது? நீ கேஸ் போட்டு, வாய்தா வாங்கி, நடுவுல கோர்ட்டு லீவு வுட்டு, அப்பால ஜெயிச்சு, ஏலம் எடுத்து, என்னைத் தூக்கி வெளிய போட்டு, நீ உள்ள வர்றதுக்குள்ள ஜப்பான்காரன் வந்து பார்த்துட்டுத் திரும்பியே பூடுவான். என் பேச்சைக் கேட்டியானா நாளன்னிக்கே சாமான ஏத்திகினு வந்துடலாம்."

பரந்தாமன் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெருவில் அபாயச் சங்கு ஒத்திகை பார்த்தார்கள். அது ஊதி முடிப்பதற்குள் அவன் ஒப்புக்கொண்டான். பாக்கி வட்டி ஐம்பத்தாறில் ஆறைத் தள்ளி, ஐம்பதை முதலோடு சேர்த்து, நானூற்றைம்பதுக்குப் போக்கியம் என்று முடிவாயிற்று.

தேவராஜ் வீட்டில் உட்கார்ந்து பத்திரம் எழுதினார்கள். கன்னியம்மாள் ஒரு வருஷத் தவணை என்றாள்.

பரந்தாமன் துள்ளி எழுந்தான். "ஒரு வருசமா? சண்டை ஒரு வருசத்துல முடியாது. ஜப்பான்காரன் வந்து மெட்ராஸ்ல உட்காந்துகினா லேசுல எழுந்துருப்பானா? மூணு வருசம்னு போடு. அதுக்குள்ள இவ துட்டைக் கொண்டாந்து வெச்சாலும் என்னைக் காலி பண்ணச் சொல்லக் கூடாது. அத்தயும் எழுது."

தேவராஜ் பேனாவை நிறுத்தினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மூணு வருஷம் அவங்க உங்களைக் காலி பண்ணச் சொல்லக் கூடாதுன்னா, நீங்களும் மூணு வருஷம் பணத்தைக் கேட்கக் கூடாது. வட்டியும் கிடையாது. ரெண்டு பக்கமும்தான் எழுதணும்."

"எழுது, எழுது. உசுர் இருந்தா துட்டு."

"உன் பக்கம் எதுனா இருக்காம்மா?" என்று தேவராஜ் கேட்டார். கன்னியம்மாள் மணவாளனைப் பார்த்தாள். அவன் சுவரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இவங்க குடும்பம் மட்டும்தான் இருக்கணும். வேற யாரையும் குடி வெக்கக் கூடாது. சொவத்த கண்டவன் வந்து கெடுத்துடுவான்" என்றாள்.

"யாரு வெக்கப் போறா? எனக்கே எடம் பத்தாது" என்றான் பரந்தாமன். ரிஜிஸ்தர் ஆபீசில் பழைய அடமானம் ரத்தாயிற்று, புதுப் பத்திரம் பதிவாயிற்று. கன்னியம்மாள் இடது கைப் பெருவிரலில் மசியோடு வீடு திரும்பினாள். அன்றைக்கு அதைக் கழுவவே மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் வண்டி வந்து நின்றது. பரந்தாமன், அவன் மனைவி தாட்சாயிணி, நான்கு பிள்ளைகள், ஒரு கிளிக்கூண்டு, பதினோரு தவிட்டு மூட்டை. தாட்சாயிணி எருமையைப் பார்த்து அலறினாள், எருமையும் தாட்சாயிணியைப் பார்த்து மிரண்டது. எருமைக்கு நாலு நாளில் பழகிவிட்டது. தாட்சாயிணிக்கு ஒரு மாதம் ஆயிற்று.

வந்த அன்றே பரந்தாமன் சட்டை மாட்ட ஆணியும் சுத்தியும் எடுத்தான். முன்கூடத்துச் சுவரில் ஆணி முனையை வைத்தான். அப்போது அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரல் கேட்டது.

"அடிச்சியானா கையை ஒடிச்சிடுவேன்!"

மணவாளன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். பரந்தாமன் ஆணியைக் கீழே போட்டான். கன்னியம்மாள் சாணிக் கூடையைக் கீழே போட்டாள். பதினாறு வருஷத்தில் புருஷன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி அவள் கேட்டதே இல்லை. அன்று முழுக்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மாலையில் மணவாளனே நான்கு மூங்கிலை நட்டுச் சட்டை மாட்டக் கொடி கட்டிக் கொடுத்தான். பரந்தாமன் "சரி" என்றான்.

அந்தக் கோடை கலகலப்பாகத்தான் போயிற்று. பரந்தாமன் காலையில் பயந்துகொண்டே ரயிலேறிக் கடைக்குப் போவான், சாயங்காலம் பிழைத்து வந்த மாதிரி வருவான். குண்டு விழுந்தால் ஒளிய என்று கொட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் உயரப் பள்ளம் ஒன்று வெட்டினான். ஜப்பான்காரன் வரவில்லை. எருமை கன்று போட்டது. கன்று மூன்றாம் நாள் அந்தப் பள்ளத்தில் விழுந்தது. பரந்தாமனே இறங்கித் தூக்க வேண்டியதாயிற்று. கன்றைத் தூக்கி மேலே விட்டுவிட்டான், அவனைத் தூக்கத்தான் ஏரிக்கரையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள்.

மே மாதம் ஒன்றாம் தேதி வந்தது. கன்னியம்மாள் விடியற்காலையில் எழுந்து பழக்கதோஷத்தில் பயந்தாள். பிறகுதான் இன்றைக்குக் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று நினைவு வந்தது. வட்டி வாங்குகிறவன் முன்கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குறட்டை அவளுக்கு நாகசுரம் மாதிரி இருந்தது. அந்த மாத நாலு ரூபாயை அடுக்குப் பானையில் போட்டாள். அடுத்த மாதமும் போட்டாள். வெறும் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்த பணம் இப்போது தங்க ஆரம்பித்தது.

மழைக்காலம் தொடங்குவதற்குள் பட்டணத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. போனவர்கள் எல்லாம் திரும்பினார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. தாட்சாயிணி கிளிக்கூண்டை எடுத்து வண்டியில் வைத்தாள். "உங்கூட்டுத் தயிருக்கு இன்னா பண்ணப் போறேனோ அக்கா" என்று கண் கலங்கினாள். அவள் நல்லவள்தான்.

பரந்தாமன் தொண்டையைக் கனைத்தான். "அப்பறம் கன்னிம்மா, நாங்கதான் போறமே. இந்தப் போக்கியத்தை ரத்து பண்ணிட்டு, பழையபடி வட்டிக்கே எழுதிக்கலாம்."

கன்னியம்மாள் அவனை நிதானமாகப் பார்த்தாள். "எதுக்கு அண்ணாத்தே? மூணு வருசம் ஊடு உன்னுது. நான் காலி பண்ணச் சொல்லலியே. நீயாத்தான் போற."

"சரி, வேற யாரையாவது குடி வெச்சுக்கிறேன். ஆவடியில பட்டாளத்துக் காம்பு வரப்போவுதாம். எடம் கிராக்கியா கீது."

"வேற யாரும் கூடாதுன்னு எழுதி கீதே."

பரந்தாமன் நேராகத் தேவராஜிடம் போனான். தேவராஜ் பத்திரத்தை முதலிலிருந்து கடைசி வரை, ஒவ்வொரு எழுத்தாக, சந்தோஷமாகப் படித்துக் காட்டினார். பரந்தாமன் திரும்பி வந்து இரண்டு அறைக்கும் திண்டுக்கல் பூட்டைப் போட்டுவிட்டுப் போனான்.

ஆவடியில் பட்டாளத்துக் காம்பு வந்தேவிட்டது. கட்டட வேலைக்கு ஆள் ஆளாய்ப் பறந்தார்கள், மணவாளனுக்கு ஓய்வே இல்லை. காம்புக்குப் பால் எடுக்கிற குத்தகைக்காரன் கன்னியம்மாள் கொட்டிலுக்கே வந்து அளந்து வாங்கினான். ரயிலுக்கு ஓடுகிற வேலை மிச்சம். அவள் இன்னும் இரண்டு எருமை பிடித்தாள். குடும்பம் பின்னறை இரண்டிலும் இடித்துக்கொண்டு கிடந்தது. கன்னியம்மாளின் பெண்கள் பூட்டிய கதவைப் பார்த்து முறைத்தார்கள். "பொறுங்கடி" என்றாள்.

பொறுக்க முடியாதவன் பரந்தாமன்தான். தவிடும் புண்ணாக்கும் யுத்த விலை விற்றன. நானூற்றைம்பது ரூபாய் கையில் இருந்தால் மாதா மாதம் சரக்கு எடுத்துப் பெருக்கலாம். அந்தப் பணமோ பருத்திப்பட்டில் பூட்டிய அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு வந்தான். "நானூத்தி முப்பது குடு, முடிச்சுக்கலாம்" என்றான். "இன்னும் ரெண்டு வருசம் கீதே, இன்னா அவசரம்? மோர் குடி" என்றாள். சித்திரையில் வந்தபோது நானூறு. ஆடியில் வந்தபோது முந்நூற்று எழுபது. ஆவணியில் வெயிலில் நடந்து வந்து, மோரைக் குடித்து, "முன்னூத்தம்பது. அதுக்குக் கீழே என்னால முடியாது, புள்ளகுட்டிக்காரன்" என்றான்.

"சரி" என்று மணவாளன் வாயைத் திறந்தான்.

"நீ சும்மா இரு" என்றாள் கன்னியம்மாள். "அண்ணாத்தே, உங்கிட்ட நான் கையில வாங்கினது நானூறு. நானூறு தரேன். வட்டின்னு ஏத்துன அம்பதைத் தரமாட்டேன். ஆனா முன்னூத்தம்பதுக்கு முடிச்சா, நாளைக்கு நீ பெரம்பூர் பூரா அந்தப் பால்காரிக்கு அம்பது ரூவா வுட்டுக் குடுத்தேன்னு சொல்லிகினு திரிவே. அது வேணாம். என் ஊட்டை நான் மீட்டதா இருக்கட்டும்."

பரந்தாமன் அவளை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தான். முந்நூற்றைம்பது கேட்டு நானூறு வாங்கிய வியாபாரம் அவன் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அவனுக்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் பட்டுக்கொண்டான்.

மிச்சத்தைச் சேர்க்க ஒரு மாதம் பிடித்தது. 1943 அக்டோபர் முதல் வாரம் ரிஜிஸ்தர் ஆபீசில் நானூறு ரூபாயை எண்ணி வைத்தாள். பத்திரத்தில் ரத்து எழுதி அவள் கையில் கொடுத்தார்கள். கன்னியம்மாள் அதை மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தவள், பூந்தமல்லி கடைத்தெரு என்றும் பார்க்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாலைந்து வருஷப் பயம் ஒரே மூச்சில் இறங்கிப் போயிற்று. மணவாளன் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்துக் கடையில் அல்வா வாங்கிக் கொடுத்தான். அழுதுகொண்டே தின்றாள்.

முன்னறைகளைத் திறந்து கழுவி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒற்றை ஜப்பான் விமானம் ஒன்று துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போயிற்று என்று செய்தி வந்தது. பெரிய சேதம் ஒன்றும் இல்லையாம். மறுநாள் மதியம் கன்னியம்மாள் எருமைகளை ஏரியிலிருந்து ஓட்டிக்கொண்டு வருகிறாள், வாசலில் வண்டி நிற்கிறது. கிளிக்கூண்டு, தவிட்டு மூட்டை, நான்கு பிள்ளைகள். தாட்சாயிணி எருமைகளுக்கு நடுவில் பயப்படாமல் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பரந்தாமன் வண்டியை விட்டு இறங்கவில்லை. பத்திரத்தைத் தன் கையாலேயே ரத்து பண்ணிக் கொடுத்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. எப்படிக் கேட்பது என்று வேட்டி முனையைத் திருகிக்கொண்டிருந்தான்.

"கன்னிம்மா, நானூறு ரூபா மடியிலேயே கீது. மறுபடியும் போக்கியம்..."

"போக்கியம் எல்லாம் இனிமே கிடையாது அண்ணாத்தே." கன்னியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "வாடகைக்கு வேணும்னா வுடறேன். மாசம் ஆறு ரூபா. ரெண்டு மாசம் முன்பணம்."

பரந்தாமன் மணவாளனைப் பார்த்தான். மணவாளன் கன்னியம்மாளைப் பார்த்தான். வானத்தில் ஏதோ பருந்து சுற்றியது. பரந்தாமன் அதையும் பார்த்துவிட்டு மடியை அவிழ்த்தான்.

பன்னிரண்டு ரூபாயை எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தான். அவனிடமிருந்து பணம் வாங்கியது அவளுக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை வாங்கியது கடன். இந்தத் தடவை வாடகை. தலையை நிமிர்த்திக்கொண்டு, "உள்ள வாங்க, எல்லாரும் வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று வீட்டுக்காரியாகக் கூப்பிட்டாள்.